முதியோர் குடியிருப்பில் சி. டிஃப்: உங்கள் அனுபவம் என்ன?

கோவை மருமகள்:
அத்தைக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன், ஆன்டிபயாடிக், முடிந்த கையோடு பேதி. ஆன்டிபயாடிக் குடலின் நல்ல கிருமிகளை அழித்ததும் பெருகும் சி. டிஃப் கிருமிதான் காரணம். வான்கோமைசின் மருந்தில் நின்றது, பிறகு திரும்பவும் வந்தது. இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான். எனக்கு மனசு ஆறாத விஷயம் வேறு. கேர்டேக்கர் பொண்ணு டயப்பர் மாற்றினாள், கையுறையைக் கழற்றினாள், சுவரில் இருந்த சானிடைசரை இரண்டு அழுத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே நேராகப் பக்கத்து அறைக்குப் போய் இட்லியைப் பிட்டாள். அந்தத் தாத்தா வாயைத் திறந்து காத்திருந்தார். ஓடிப்போய்த் தடுத்தேன். "கொரோனாவுக்கே இதுதானே மேடம் கொடுத்தாங்க?" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தக் கிருமியின் ஸ்போர், அதாவது கெட்டி ஓடு போட்ட வித்து, ஆல்கஹாலுக்குச் சாகாது, சோப்பு போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவித்தான் போக்க வேண்டும் என்று நிர்வாகம் அவளுக்குச் சொல்லித்தரவே இல்லை.

ஸ்காபரோ சுகி:
நான் கனடாவில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறேன். சோப்பு, கவுன் எல்லாம் இங்கே ஒழுங்குதான். ஆனால் தனி அறையில் விட்டிருந்த ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை மறக்க ஏலாது. மகள் வாசலிலேயே நின்று கதைத்தா. "நான் என்ன அவ்வளவு ஊத்தையோ பிள்ளை?" என்று அம்மா கேட்டா. கவுனும் கையுறையும் போட்டால் உள்ளே போய்க் கையைப் பிடித்துக்கொண்டே இருக்கலாம், வெளிக்கிடும்போது சோப்பால் கழுவினால் சரி என்று மகளுக்கு அதுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

பி பிளாக் ராமநாதன்:
கோவை மருமகள் கையைப் பற்றியே பேசுகிறார். அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுகிறதே அம்மா! என் மனைவிக்கு எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. யூரின் கல்ச்சர் டெஸ்டில் ஏதோ கிருமி வந்தது என்று ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். வினை அங்கேதான் தொடங்கியது. வயதானவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருப்பது சகஜம், பெரும்பாலும் அதற்கு மருந்தே வேண்டாம். சிப்ரோ, செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாடிக் எழுதினால் எதற்கு என்று கேளுங்கள். வருடக்கணக்காக விழுங்கும் பான்டோப்ரசோல் என்கிற அசிடிட்டி மாத்திரை இன்னும் தேவையா என்றும் கேளுங்கள், அதுவும் இந்தக் கிருமிக்கு வழிவிடலாம். பேதியை நிறுத்த நீங்களாக லோபரமைடு கொடுக்காதீர்கள். அப்புறம், ஃபினாயில் வாசனை வந்தால் சுத்தம் என்று நினைக்கிறார்கள். ஸ்போருக்கு அது போதாது. கம்மோடு, கைப்பிடி, காலிங் பெல் எல்லாவற்றையும் அன்றன்றைக்குக் கலந்த பிளீச்சால் துடைத்து, சில நிமிடம் ஈரமாகவே விட வேண்டும். ஆசிட்டோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷவாயு வரும். தனி டாய்லெட் கட்டாயம். பேதி நின்ற பிறகு மறுபடி டெஸ்ட் எடுக்காதீர்கள். குணமான பின்னும் பல வாரம் பாசிட்டிவ் காட்டலாம்.

கோவை மருமகள்:
ஐயா, கை கழுவினால் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? ஆனால் கடைசியாகச் சொன்னீர்களே, அதற்கு நன்றி. அத்தைக்குப் பேதி நின்று 48 மணி நேரத்துக்கு மேலாகிவிட்டது. நெகட்டிவ் ரிப்போர்ட் வந்தால்தான் டைனிங் ஹாலுக்கு விடுவோம் என்கிறது நிர்வாகம். டெஸ்ட் தேவையில்லை என்று நாளைக்கு டாக்டரிடம் எழுதி வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.