உப்புக்காத்து ஊர்ல எந்தச் சாமான் தாங்கும்? மண்டபம், பாம்பன், கீழக்கரைக்காரங்க அனுபவம்

மண்டபம், புதுவீட்டுக்காரர்:

தென்கடல்ல இருந்து 300 மீட்டர்ல வீடு. ரெண்டு படுக்கையறை. ஏசி ஒண்ணு, ஃபேன் மூணு, இன்வெர்ட்டர், குடிதண்ணி மெஷின் வாங்கணும். கடையில போய் நின்னா ஸ்டார் எத்தனை, வாரண்டி எத்தனைங்கிற பேச்சுதான். உப்புக்காத்துக்கு எது நிக்கும், எது ரெண்டே வருஷத்துல கையைக் கடிக்கும்? வேலை தெரிஞ்சவங்க எழுதுங்க. படகுக்குக் கொண்டுபோற போன் பத்தியும் யாராச்சும் சொன்னா நல்லது.

பாம்பன், ஏசி மெக்கானிக்:

அண்ணே, மாடல் பார்க்கிறதுக்கு முன்னாடி அவுட்டர் (வெளிய மாட்டுற பெட்டி) எந்தச் சுவத்துலன்னு முடிவு பண்ணுங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்கள்ல உங்க பக்கம் தென்கடல் சாரல் நேரா வந்து மோதும். வடக்குச் சுவரோ மாடிப்படி மறைவோ இருந்தா அங்க மாட்டுங்க. மறைவுன்னதும் நாலு பக்கமும் தகரம் அடிச்சுடக் கூடாது. பின்னாடி ஒரு அடி, முன்னாடி நாலஞ்சு அடி வெட்டவெளி இல்லேன்னா சூடு அங்கேயே சுத்தி கம்ப்ரசர் டிரிப் ஆகும்.

உப்பு மழையில மட்டும்தான் வேலை செய்யும்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. காத்துல ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தொட்டா, படிஞ்சிருக்கிற உப்புத்தூள் தானாவே ஈரத்தை இழுத்துக் கரைஞ்சிடும். நம்ம ஊர்ல ராத்திரியில அது சர்வசாதாரணம். காயில்ல செம்புக் குழாய், அதைச் சுத்தி அலுமினிய ஃபின், அதாவது மெல்லிசுத் தகடு. ரெண்டு உலோகத்துக்கு நடுவுல உப்புத்தண்ணி நின்னா அது ஒரு குட்டி பேட்டரி மாதிரிதான்; கரையறது அலுமினியம். வெள்ளைப் பொடியா பூத்து, கடைசியில விரல் வச்சா அப்பளமா நொறுங்கும். குழாய் நல்லாத்தான் இருக்கும், கேஸும் இருக்கும். ஆனா ஃபின் குழாயைத் தொடாததால சூடு வெளியேறாது, கரண்ட் ஏறும், கூலிங் குறையும். இதுக்குத்தான் சிலர் வந்து ‘கேஸ் கம்மி’ன்னு சொல்லி கேஸ் ஏத்திட்டுப் போயிடுறாங்க. கேஸ் ஏத்தச் சொல்றதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு ஃபின்னைப் பாருங்க.

அலுமினியக் காயில் வந்தா இந்த ரெண்டு உலோகச் சண்டை காயிலுக்குள்ள இருக்காதுன்னு கடையில சொல்லுவாங்க. உண்மைதான். ஆனா அலுமினியக் குழாய் செம்புக் குழாயோட சேர்ற இடம் ஒண்ணு இருக்கே, உப்பு அங்க பிடிக்கும். அதுல ஓட்டை விழுந்தா நம்ம பக்கம் பத்த வைக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம், காயிலையே மாத்தச் சொல்லுவாங்க. செம்புன்னா கேஸ் டார்ச் வச்சிருக்கிற எந்தப் பையனும் ஒரு மணி நேரத்துல அடைச்சிடுவான். அதனால என் ஓட்டு செம்புக் காயில், கோட்டிங் போட்ட ஃபின். நீலக் கலரா இருந்தாலே கோட்டிங்னு நம்பிடாதீங்க. துரு எதிர்ப்புக் கோட்டிங்னு விவரத்தாள்ல எழுதியிருக்கான்னு கேட்டுப் பாருங்க.

இன்வெர்ட்டர் ஏசியில (கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற ரகம்) இன்னொரு விஷயம்: மூளை அவுட்டருக்குள்ள இருக்கு. அந்தப் போர்டுல உப்பு ஈரம் இறங்கும், பல்லியும் போய்ப் படுக்கும், ரெண்டுமே ஷார்ட்தான். போர்டு விலை சாதாரண ஏசியோட கெப்பாசிட்டர் விலை மாதிரி பல மடங்கு. தினம் எட்டு மணி நேரம் ஓட்டுறவங்களுக்கு இன்வெர்ட்டர் ஏசி மிச்சப்படுத்துற கரண்ட் அதை ஈடுகட்டும். வருஷத்துல ரெண்டு மாசம், ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம்னா ஈடுகட்டாது. ஆனா பழைய மாதிரி நிலைவேக ஏசி இப்போ கடையில ரொம்பக் குறைஞ்சுபோச்சு, கேட்டு வாங்கணும்.

கழுவறது பத்தி. கச்சான், வாடை காலத்துல 15 நாளுக்கு ஒருதரம், மத்த மாசம் மாசத்துக்கு ஒண்ணு. ஏசிக்கான எம்சிபி ஸ்விட்ச்சை இறக்கிட்டு, நல்ல தண்ணி பத்து லிட்டர், தோட்டத்து ஹோஸ்ல மெதுவா, மேல இருந்து கீழ. போர்டு இருக்கிற பக்கத்து மூடி மேல பீய்ச்சாதீங்க. கார் கழுவற பிரஷர் பம்ப் வச்சா ஃபின் சாஞ்சுடும். போர்வெல் தண்ணி வேண்டாம், உப்பை உப்பால கழுவற கதை. சர்வீஸ்ல நுரை கெமிக்கல் அடிக்க வந்தா எதுக்குன்னு கேளுங்க. காரமோ அமிலமோ கோட்டிங்கைத்தான் முதல்ல தின்னும்.

கீழக்கரை, எலெக்ட்ரீசியன்:

பாம்பன் தம்பி சொன்னதுல ஒண்ணு சேர்க்கணும். இங்க வெளிநாட்டுல இருக்கிறவங்க வீடு நிறைய, வருஷத்துல பத்து மாசம் பூட்டு. ஓடுற வீட்டு ஏசியை விட பூட்டின வீட்டு ஏசிதான் சீக்கிரம் போகுது. ஓடுறப்போ அவுட்டர் சூட்டுல காஞ்சிருக்கும், போர்டும் காஞ்சிருக்கும். நின்னா ராப்பூரா ஈரத்துல ஊறும். பூட்டிட்டுப் போறவங்க போற அன்னிக்கு அவுட்டரை நல்ல தண்ணியில கழுவி, ஒரு மணி நேரம் ஓட்டிக் காயவச்சு, மேல் பக்கம் மட்டும் மறைக்கிற மாதிரி ஷீட் போடுங்க. தார்பாயில முழுசா சுத்தினா உள்ள வேர்த்து இன்னும் மோசம். சாவி வச்சிருக்கிறவங்ககிட்ட மாசம் ஒருதடவை அரை மணி நேரம் போடச் சொல்லுங்க.

ஃபேனுக்கு வர்றேன். பிஎல்டிசி (பிரஷ் இல்லாத டிசி மோட்டார்) ஃபேன் 30 வாட்ஸ் சொச்சம், சாதாரண ஃபேன் 75. கணக்குல பிஎல்டிசி ஜெயிக்குது. ஆனா அதுக்குள்ளேயும் ஒரு போர்டு. நம்ம ஊர்ல ஜன்னல் திறந்தே கிடக்கும். போர்டு போச்சுன்னா அதே கம்பெனி போர்டுதான் வேணும், வர்ற வரைக்கும் காத்தில்லாம கிடக்கணும். சாதாரண ஃபேன்ல 2.5 மைக்ரோ கெப்பாசிட்டர் போனா ரோட்டோரக் கடையில வாங்கிப் பத்து நிமிஷத்துல மாத்திடலாம். என்னைக் கேட்டா ஹால்லயும் படுக்கையறையிலயும் பிஎல்டிசி, கடல் பார்த்த வராண்டாவுல சாதாரணம்.

உச்சிப்புளி, பேட்டரிக் கடை:

கீழக்கரைக் காக்கா (அண்ணே), ஃபேனைத் தனியாப் பார்த்தா அது சரி. இன்வெர்ட்டரோட சேர்த்துப் பாருங்க. 150 ஏஹெச் (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரி, 12 வோல்ட்: பெருக்கினா 1800 வாட் மணி. பேட்டரி ஆயுசு கெடாம 60 சதவீதம் எடுத்தா 1080. இன்வெர்ட்டர் தின்னுறது போக கைக்கு வர்றது சுமாரா 900. மூணு சாதாரண ஃபேன் 225, அஞ்சு எல்இடி பல்பு 45, மோடம் 12. மொத்தம் 282, மூணு மணி நேரம்தான் வரும். ஃபேன் மூணும் பிஎல்டிசின்னா மொத்தம் 150க்குள்ள, ஆறு மணி நேரம். புயல் எச்சரிக்கையில கரண்டை நிறுத்தினா இந்த மூணு மணி நேர வித்தியாசம்தான் தூக்கம். அதுக்காகப் பெரிய பேட்டரி வாங்குறதை விட ஃபேனை மாத்துறது மலிவு.

லித்தியம் வாங்கலாமான்னு நிறையப் பேர் கேட்குறாங்க. எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைன்னா தண்ணி ஊத்த வேண்டாம், எடை பாதிக்கும் கீழ, 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம். விலை அதிகம். பழைய இன்வெர்ட்டர்ல அப்படியே மாட்டக் கூடாது. சார்ஜ் வோல்டேஜ் லித்தியத்துக்கு மாத்துற வசதி இருக்கணும்.

டியூபுலர் வாங்கினா டெர்மினல்லதான் கண்ணு. பச்சையும் வெள்ளையுமா களிம்பு பூத்தா, முதல்ல இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி நெகட்டிவைக் கழட்டுங்க. வெந்நீர்ல ஆப்பசோடா கரைச்சு பழைய பிரஷ்ஷால தேய்க்கணும், செல்லுக்குள்ள ஒரு சொட்டு இறங்கக் கூடாது, மூடிகள் இறுக்கமா இருக்கணும். துடைச்சுக் காயவச்சு, நட்டை முறுக்கின பிறகு வாசலின் தடவுங்க. உள்ள ஊத்துறது டிஸ்டில்டு வாட்டர் மட்டும். ஏசியில இருந்து வடியற தண்ணி சுத்தமானதுதானேன்னு ஊத்துறவங்க இருக்காங்க; அதுல காயில் அழுக்கும் உலோகமும் இருக்கு. ஆர்ஓ தண்ணியும் ஆகாது, அதுலயும் உப்பு மிச்சம் இருக்கும்.

தங்கச்சிமடம், தண்ணி மெஷின் சர்வீஸ்:

மெஷின் வாங்குறதுக்கு முன்னாடி டிடிஎஸ் மீட்டர் (தண்ணியில கரைஞ்ச உப்பை அளக்கிறது) ஒண்ணு வாங்குங்க, சில நூறு ரூபாய்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வருதுன்னா அந்தக் குழாயில வச்சுப் பாருங்க. 500க்குக் கீழ காட்டினா ஆர்ஓ எதுக்கு? யூவியும் (கிருமியைக் கொல்ற புறஊதா விளக்கு) யூஎஃப்பும் (நுண்வடிகட்டி) போதும். இந்திய தரக் கணக்குல 500 வரை சரி, வேற வழியே இல்லேன்னா 2000 வரை பொறுத்துக்கலாம்னு இருக்கு.

கிணறு, போர்னா ஆர்ஓதான். வீட்டு மெஷின்ல பெரும்பாலானது 2000 வரைக்கும்னு விவரத்தாள்ல போட்டிருக்கும். கடலோரத்துல 3000, 4000 காட்டுற போர் இருக்கு. அதுல மாட்டினா மெம்ப்ரேன் (உப்பைப் பிடிக்கிற சவ்வு) சீக்கிரம் அடைக்கும், பம்ப் முனகும், அப்புறம் கம்பெனியைத் திட்டுவோம். உப்பு ஏற ஏற தண்ணியைத் தள்ள அழுத்தம் கூட வேணும், அந்தக் குட்டி பம்ப்ல அது இல்ல. அப்படிப்பட்ட இடத்துல குடத்தண்ணி வாங்குறது மெஷினை விட மலிவு.

வருஷா வருஷம் மெம்ப்ரேன் மாத்தச் சொன்னா நம்பாதீங்க, கணக்குப் போடுங்க. உள்ள போற தண்ணி 1500, வெளிய வர்றது 100னா 93 சதவீதம் உப்பைப் பிடிக்குது, அருமை. வெளிய 300 ஆச்சுன்னா 80, மாத்துற நேரம். முன்னால இருக்கிற செடிமென்ட், கார்பன் ஃபில்டர்களை மட்டும் காலம் தவறாம மாத்துங்க. கார்பன் கெட்டா குளோரின் போய் மெம்ப்ரேனைச் சுடும்.

கழிவுத் தண்ணி பத்தி ஒண்ணு. ஒரு லிட்டர் நல்ல தண்ணிக்கு மூணு லிட்டர் வெளிய போகும். செடிக்கு விடாதீங்க, உப்பு ஏறின தண்ணி அது. கக்கூஸுக்கு விடலாம்.

பாம்பன், நாட்டுப்படகு:

போன் பத்திக் கேட்டாக. ஐபி68னு (தண்ணி, தூசி தாங்குற குறி) எழுதியிருக்கிற போன்லாம் கடலுக்குன்னு நெனைக்கிறாக. அந்தச் சோதனை நல்ல தண்ணியில பண்றது, உப்புத்தண்ணி கணக்குல இல்ல. அதுவும் புதுப் போனுக்குத்தான்; ஒருதடவை கழட்டி டிஸ்ப்ளே மாத்தினா அந்த ரப்பர் பசை போச்சு.

கடல்ல விழுந்தா உடனே ஆஃப். ஆன் பண்ணிப் பார்க்கிற ஆசைதான் போனைக் கொல்லும், உப்புத்தண்ணியில கரண்ட் ஓடினா சார்ஜ் பின்னு சில நிமிசத்துல அரிச்சிரும். சிம்மை எடுத்துட்டு, குடிக்கிற தண்ணியில நல்லா அலசணும். கேட்டா சிரிப்பாக, ஆனா உள்ள உப்பு காஞ்சு நிக்கிறது தண்ணியை விடக் கெடுதல். அரிசி மூட்டைக்குள்ள வைக்கிறது வேண்டாம், மாவும் தூசியும்தான் போர்ட்டுக்குள்ள போகும். கடைக்குக் கொண்டுபோனா 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல போர்டைக் கழுவச் சொல்லுங்க.

சார்ஜ் போர்ட்ல ஈரம்னு எச்சரிக்கை வந்தா கேபிளைத் திருப்பித் திருப்பிச் சொருகாதீங்க. விசைப்படகுல 24 வோல்ட் இருக்கும், 12 வோல்ட் கார் சார்ஜரைச் சொருகினா புகைதான். 12–24 போட்டதை வாங்கணும்.

ராமேஸ்வரம், விசைப்படகு:

போன் ஜிபிஎஸ் சிம் இல்லாமயும் வேலை செய்யும், மேப் மட்டும் கரையிலயே இறக்கி வச்சிருக்கணும். ஆனா ஈரக்கையில திரை தானா குதிக்கும், வெயில்ல சூடாகி அணையும். பட்டன் வச்ச கை ஜிபிஎஸ்தான் முதல், போன் ரெண்டாவது.

எல்லாரும் தப்புப் பண்ற இடம் ஒண்ணு உண்டு. போன் 9.50 டிகிரின்னு காட்டினா அது 9 டிகிரி 30 நிமிஷம். கை ஜிபிஎஸ்ல 9 டிகிரி 50 நிமிஷம்னு போட்டுட்டா 20 கடல்மைல் தள்ளிப் போயிடும், ஒரு நிமிஷம் ஒரு கடல்மைல், 1852 மீட்டர். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல போட்ட எல்லைக்கோடு இவ்வளவு கிட்ட இருக்கிற கடல்ல இந்தத் தப்பு யாருக்கும் ஆகாது. ரெண்டு கருவியையும் ஒரே வகையில, டிகிரியும் நிமிஷமும் தசமமுமா வச்சுக்குங்க.

விஎச்எஃப் ரேடியோ வச்சிருந்தா ஆபத்துல கூப்பிட 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ். டவர் கிடைக்கிற தூரத்துல கடலோரக் காவல்படை 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

தனுஷ்கோடி, கடை:

அரிச்சல்முனை வர்றவங்களுக்கும் சேர்த்து. தலைமன்னார் இங்க இருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், போன் இலங்கை டவரைப் பிடிச்சுக்கும். டேட்டா ரோமிங்கை அணைச்சுட்டு, நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியில இருந்து எடுத்து நம்ம கம்பெனியைக் கையால தேர்ந்தெடுங்க. திரும்பி ராமேஸ்வரம் போன பிறகு ஆட்டோமேட்டிக்குக்கு மாத்த மறந்துடாதீங்க.

மண்டபம், புதுவீட்டுக்காரர்:

எல்லாருக்கும் நன்றி. அவுட்டர் வடக்குச் சுவர்லதான். ஸ்டாண்ட், போல்ட் என்ன வாங்கறது? கடையில எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)னு சொல்லிக் கொடுக்கிறதுலயும் பழுப்பு வருதே?

பாம்பன், ஏசி மெக்கானிக்:

அது 304 ரகம். கடலோரத்துல டீக்கறை மாதிரி பழுப்பு பூக்கும், உடனே உடையாது, ஆனா நட்டு கழட்ட வராது. உங்களுக்கு வேணும்கிறது 316. போல்ட் தலையில ஏ4னு பொறிச்சிருந்தா 316, ஏ2ன்னா 304. காந்தம் வச்சுப் பார்க்கச் சொல்லுவாங்க, வீண்வேலை, ரெண்டும் அநேகமா ஒட்டாது. ஸ்டாண்ட் ஹாட் டிப் கால்வனைஸ் பண்ணது (உருக்கின துத்தநாகத்துல முக்கினது), வெறும் பெயின்ட் அடிச்சது வேண்டாம். புது பாம்பன் பாலத்துக்கே துரு தடுக்கிற பாலிசிலோக்சேன் பெயின்ட் அடிச்சிருக்காங்கன்னா நம்ம ஸ்டாண்ட் எந்த மூலைக்கு. எஸ்எஸ் போல்ட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவுல நைலான் வாஷர், அவுட்டர் காலுக்குக் கீழ ரப்பர். சுவத்துல போல்ட்டுக்கு டிரில் பண்ண ஓட்டையைச் சிலிக்கான் வச்சு அடைச்சுட்டுக் கூப்பிடுங்க, பைப் இழுக்க வர்றேன்.