ஹெல்சிங்கியா, டாலினா? நீண்ட வார இறுதிக்கு எந்த ஊரில் தங்கலாம்?

நெக்கார்கரை

வணக்கம். நாங்கள் ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறோம். அம்மா மதுரையிலிருந்து வந்திருக்கிறார். மே மாதக் கடைசியில் வரும் நீண்ட வார இறுதிக்கு அவரையும் கூட்டிக்கொண்டு வடக்கே எங்காவது போகலாம் என்று யோசனை. பாரிஸ், ரோம் எல்லாம் போன தடவை வந்தபோதே பார்த்தாகிவிட்டது. இப்போது ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியா, எஸ்டோனியாவின் டாலினா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கிறது. கணவர் ஹெல்சிங்கிக் கட்சி, நான் டாலின் கட்சி. அம்மாவுக்கு முட்டி வலி உண்டு. சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இரண்டும் எதிரெதிர்க் கரை, இரண்டையுமே பார்த்துவிடலாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, ஆனால் ராத்திரி தங்குவது எந்த ஊரில்? போய் வந்தவர்கள், அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள். யூடியூபில் பார்த்ததைச் சொல்ல வேண்டாம், அதை நாங்களே பார்த்துவிட்டோம்.

எஸ்போவாசி

ஹெல்சிங்கிக்கு ஒரு ஓட்டு. நோக்கியா வேலைக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களில் நானும் ஒருவன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

முட்டி வலி என்று சொன்ன பிறகு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிற்கும், அரை மணியில் நகர நடுவில் இறங்கலாம். ஏ, பி, சி மூன்று மண்டலத்துக்கும் சேர்த்து நாள் டிக்கெட் எடுத்தால் ரயில், டிராம், சுவோமென்லின்னா தீவுக்குப் போகும் படகு எல்லாம் அதிலேயே அடக்கம். செனட் சதுக்கம், கடலோரச் சந்தை எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வெள்ளைப் பேராலயத்தின் படிக்கட்டு மட்டும் செங்குத்து, அதைக் கீழே நின்றே பார்த்துக்கொள்ளலாம். பெர்லினில் பிறந்த எங்கெல் வரைந்த கட்டடம், 1852இல் முடிந்தது.

நான் அம்மாக்களைக் கூட்டிப்போவது 'ஓடி' என்ற நூலகத்துக்கு. 2018 டிசம்பரில் திறந்தார்கள், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே. என் மாமியார் வந்தபோது இரண்டாவது மாடியைத் தாண்டி மேலே வரவே இல்லை. அங்கே தையல் மெஷின்கள் வரிசையாக இருக்கும். முன்பதிவு செய்தால் யார் வேண்டுமானாலும் தைக்கலாம், காசு கிடையாது. பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் ஜீன்ஸின் அடியை மடித்துத் தைக்கத் தடுமாறிக்கொண்டிருந்தான். ஊரில் பிளவுஸ் தைத்தே குடும்பத்தை நடத்தியவர் சும்மா இருப்பாரா? அவனை நகரச் சொல்லி, நூல் இழுவையைத் தளர்த்தி, ஒரு காலைத் தானே தைத்துக் காட்டிவிட்டு, இன்னொரு காலை அவனையே தைக்க வைத்தார். அவனுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு ஃபின்னிஷ் தெரியாது. ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. மேல் மாடியில் பால்கனி, காபி, கடல் காற்று என்று நான் கூப்பிட்டுப் பார்த்ததெல்லாம் எடுபடவில்லை.

ஹெல்சிங்கியில் தங்குங்கள். டாலினை ஒரு நாளில் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். இங்கே எல்லோரும் செய்வது அதுதான்.

பழைய டாலின் மாணவன்

எஸ்போவாசி அண்ணா, "எல்லோரும் செய்வது அதுதான்" என்பதுதான் சிக்கலே.

முதுகலை படித்த காலம் முழுக்க டாலினில் இருந்தவன் நான். கோடையில் அந்தப் பழைய நகரம் பகலில் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் ஹெல்சிங்கிப் படகு வரும். அதற்குள் உல்லாசக் கப்பல்களும் வந்து நின்றிருக்கும். பத்து மணிக்கு விரு வாசலில் ஆரம்பிக்கும் கூட்டம், குடை தூக்கிய வழிகாட்டி பின்னால் ஒன்று, அவருக்குப் பின்னால் இன்னொன்று என்று நகர்மன்றச் சதுக்கம் வரை நகரும். மூன்று மணி வாக்கில் நீங்கள் ஒரு மதில் கோபுரத்தைப் படம் எடுத்தால் அதில் பத்துப் பேர் முதுகு இருக்கும். ஐந்து, ஆறு மணி ஆனதும் எல்லோரும் கப்பலுக்குத் திரும்பிவிடுவார்கள். மே கடைசியில் சூரியன் மறைவதே இரவு பத்துக்கு மேல்தான். ஆக, ஊர் காலியாகி, வெளிச்சம் மட்டும் மிச்சம் இருக்கும் அந்த நாலு மணி நேரம், அங்கே இரவு தங்குகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். கோத்துவோட்சா மேட்டில் ஒன்பது மணிக்கு நின்றால் கீழே சிவப்பு ஓடுகள், ஒலெவிஸ்தே தேவாலயத்தின் 124 மீட்டர் கூர்கோபுரம், அதற்குப் பின்னால் கடல். பகலில் அதே மேட்டில் கைப்பிடிச் சுவர் பக்கம் போகவே வரிசை.

ஹெல்சிங்கி அப்படி இல்லை. அது பகலில் வாழ்கிற ஊர். நூலகம், சந்தை, தீவு எல்லாம் பகல் வேலை. அதனால் நான் எல்லோருக்கும் தலைகீழாகச் சொல்வேன்: டாலினில் தங்குங்கள், ஹெல்சிங்கியைப் பகலில் பாருங்கள்.

முட்டி வலிக்கும் வழி இருக்கிறது. பழைய நகரம் கீழூர், மேலூர் என்று இரண்டு தட்டு. கீழிருந்து ஏறக் கூடாது. போல்ட் என்ற ஆப்பில் டாக்சி பிடித்து நேரே மேலே, அலெக்சாண்டர் நெவ்ஸ்கி தேவாலயத்து வாசலில் இறங்குங்கள். வெங்காயக் குவிமாடம் வைத்த ருஷ்யக் கோயில், 1900இல் முடிந்தது. மேலூர் சுற்றளவில் சின்னதுதான். பார்த்துவிட்டு பிக் யால்க் தெரு வழியாக மெதுவாக இறங்கினால் நகர்மன்றச் சதுக்கம் பக்கத்தில்தான். ஆனால் தரை முழுக்க உருண்டைக் கல். செருப்பு வேண்டாம், தடித்த அடியுள்ள ஷூ போட்டுவிடுங்கள். சதுக்கத்து மூலையில் இருக்கும் மருந்துக்கடையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1422ஆம் ஆண்டு ஆவணத்திலேயே பெயர் வருகிற கடை, இன்றும் மருந்து விற்கிறது. அம்மாவுக்கு முட்டித் தைலம் அங்கேயே வாங்கலாம்!

ஒஸ்லோ அக்கா

தம்பி சொல்வது சரி. நாங்கள் பிள்ளைகளோடு டிசம்பரில் போனோம். டாலின் நல்ல வடிவான ஊர், நத்தார் (கிறிஸ்துமஸ்) சந்தை சதுக்கத்திலேயே போடுவார்கள், நடுவில் பெரிய மரம். ஆனால் மூன்றரை மணிக்கே இருட்டிவிடும். எங்களுக்கு நோர்வேயில் அது பழக்கம். மதுரை அம்மாவுக்கு அது வேண்டாம், மே மாதமே நல்லது.

ஹெல்சிங்கியில் என்னைக் கவர்ந்தது பாறைக்குள் குடைந்த தேவாலயம், தெம்பெலியௌகியோ என்று பெயர். 1969இல் கட்டியது. வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. உள்ளே சுவர் முழுக்க கரடான பாறை, மேலே செப்புக் கூரை, அதைச் சுற்றி வெளிச்சம் விழுகிறது. யாரோ பியானோ பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். என் சின்னவன் அரை மணி நேரம் வாய் திறக்காமல் இருந்த ஒரே இடம் அதுதான். உள்ளே போகக் கட்டணம் உண்டு.

எஸ்போவாசி

மாணவன் தம்பி, பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஹெல்சிங்கிக்கு மாலை இல்லை என்பது அபாண்டம். சவுனா என்ற சூட்டறைக் குளியலுக்கு எப்போது போவார்கள்? காலை பத்து மணிக்கா? சுமார் 56 லட்சம் பேர் இருக்கும் நாட்டில் சுமார் 30 லட்சம் சவுனா இருக்கிறது. கல்லியோ பகுதியில் 1928 முதல் ஓடும் பொதுச் சவுனாவில் இன்னமும் விறகுதான். மாலை ஏழு மணிக்குப் போனால், துண்டைக் கட்டிக்கொண்டு, ஆவி பறக்கும் உடம்போடு ஆட்கள் தெருவோரத்தில் உட்கார்ந்து காற்று வாங்குவதைப் பார்க்கலாம். பேசவே மாட்டார்கள் என்று பெயரெடுத்த ஃபின்லாந்துக்காரர்கள் அங்கேதான் பேசுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், இந்தியா என்றதும், "உங்கள் ஊரே சவுனாதானே, காசு கொடுத்து இங்கே எதற்கு வந்தாய்?" என்று கேட்டார். மே மாதத்துச் சென்னையை நினைத்துப் பார்த்தேன், பதில் வரவில்லை.

நெக்கார்கரை

சவுனாவுக்கு அம்மா வர மாட்டார், கணவரை அனுப்பலாம் 😀 சாப்பாடு, விலை பற்றி யாராவது?

பழைய டாலின் மாணவன்

டாலின் மலிவு என்பது பழைய கதை. 2011இல் யூரோ வந்தது, அதற்கப்புறம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. எஸ்டோனியாவில் இப்போது மதிப்புக் கூட்டு வரி 24 சதவீதம், ஃபின்லாந்தில் 25.5. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. ஓட்டல் வாடகையில் மட்டும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம், சாப்பாட்டில் அவ்வளவாக இல்லை. சதுக்கத்தைச் சுற்றி இருக்கும் உணவகங்களில் உட்காராமல், ரயில் நிலையத்தை ஒட்டிய பால்டி யாம் சந்தைக்குப் போங்கள். கீழே காய்கறி, பழம், ஊறுகாய். பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள், சைவமும் உண்டு. அம்மாவுக்குக் கம்பு மாவு ரொட்டி, கறுப்பாக இருக்கும், லேசான புளிப்பு...

திருத்தம்: கம்பு இல்லை, ரை. நம் ஊரில் அதற்கு ஈடான தானியம் எனக்குத் தெரியவில்லை. மளிகைக் கடைக் குளிர்ப்பெட்டியில் கோகுக்கே என்று சாக்லேட் பூசிய தயிர்க்கட்டி இருக்கும். ஒன்று வாங்கினால் ஒன்றோடு நிற்காது. சிலவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், உறையைப் பார்த்து வாங்குங்கள்.

எஸ்போவாசி

இங்கே எந்த மளிகைக் கடையிலும் கர்யாலன்பீராக்கா கிடைக்கும். மெல்லிய ரை மாவுத் தோலுக்குள் அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து வைத்திருப்பார்கள். உப்புப் போட்ட பால்சாதத்தைச் சப்பாத்தியில் மடித்துச் சுட்டதுபோல இருக்கும். மேலே முட்டை வெண்ணெய் தடவித் தருவார்கள், அதை மட்டும் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி மோர்மிளகாய் ஒரு பொட்டலம் கையோடு கொண்டுவாருங்கள், இரண்டு ஊர்ச் சாப்பாட்டுக்கும் உதவும்.

செம்மொழிக் கிறுக்கன்

யாரும் சொல்லவில்லையே என்று ஆதங்கம். ஹெல்சிங்கி என்றால் எனக்கு அஸ்கோ பர்போலாதான். சிந்துவெளி எழுத்துகளுக்குப் பின்னால் இருப்பது திராவிட மொழி என்று ஆண்டுக்கணக்காக வாதிட்டவர், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் அவருக்கு விருது கொடுத்தது நினைவிருக்கும். பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் செனட் சதுக்கத்திலேயே இருக்கிறது. அதற்கு அடுத்தாற்போலவே தேசிய நூலகம், அதுவும் எங்கெல் வரைந்ததுதான். உள்ளே போகக் காசு இல்லை. குவிமாடத்துக்கு அடியில் மூன்று தட்டில் புத்தகம். போய் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

பெட்டிதூக்கி

வேலை விஷயமாக அந்தப் படகில் அடிக்கடி போய் வருகிறவன். கட்சி எதுவும் இல்லை, நடைமுறை மட்டும் சொல்கிறேன்.

கடல் தூரம் 80 கிலோமீட்டர், வேகமான கப்பலில் இரண்டு மணி நேரம். படகு என்று சொல்கிறோமே ஒழிய, பத்து மாடிக் கட்டடம் அது, லிஃப்ட் உண்டு. மே மாதத்தில் ஆட்டம் பெரும்பாலும் இருக்காது. டிக்கெட் விலை நேரத்துக்கு நேரம் மாறும். வெள்ளி மாலையில் டாலின் போவதும், ஞாயிறு மாலையில் திரும்புவதும்தான் விலை அதிகம், கூட்டமும் அதிகம். அன்று காலையில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், இரண்டு வாரம் முன்பே வாங்குங்கள். கப்பல் கிளம்பும் நேரம் வேறு, வாசல் மூடும் நேரம் வேறு. கால் மணி இருக்கும்போது பெட்டியோடு ஓடி வந்த ஒரு குடும்பத்தைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன், கப்பல் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். ஷெங்கனுக்குள் (ஒரே விசா செல்லும் ஐரோப்பிய நாடுகள்) என்றாலும் அம்மாவின் பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஜெர்மன் விசாவில் வந்திருப்பதால் இரண்டு நாட்டுக்கும் தனி விசா தேவையில்லை. சென்னையிலிருந்து நேரே வருகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும்: எந்த நாட்டில் அதிக இரவோ அந்த நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும், சமம் என்றால் முதலில் இறங்கும் நாடு.

திரும்பி வரும் கப்பலில் தள்ளுவண்டியில் பீர் அட்டைப்பெட்டியை ஆள் உயரத்துக்கு அடுக்கி, மேலே ரப்பர் கயிறு போட்டுக் கட்டி இழுத்து வருகிறவர்களைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம், ஹெல்சிங்கிக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குச் சரக்கு வாங்கிப் போகிறார்கள்.

டாலின் துறைமுகத்திலிருந்து பழைய நகரத்துக்கு நடந்தால், 'தடித்த மார்கரெட்' என்ற குண்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் பாதியில் முறிந்த ஒரு கறுப்பு வளைவு நிற்கும். 1994 செப்டம்பர் 28 அன்று, டாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போன எஸ்டோனியா கப்பல் மூழ்கி 852 பேர் இறந்தார்கள், அவர்களுக்கான நினைவுச் சின்னம். நிறையப் பேர் அதன் மேல் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறார்கள். தெரிந்துகொண்டு போங்கள்.

பழைய டாலின் மாணவன்

கூடவே ஒன்று. நான் குடியிருந்தது கலாமாயாவில், மரவீட்டு மாடியறை. வீட்டுக்காரப் பாட்டி சோவியத் காலத்தில் வீட்டிலிருந்தே ஃபின்லாந்து டிவி பார்த்து வளர்ந்தவர். ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் போதுமாம். ஹெல்சிங்கிக் கடை விளம்பரத்தில் இறைச்சி மலைபோலக் குவிந்திருப்பதைப் பார்த்து, அதெல்லாம் காட்சிக்கு வைத்த பொம்மை என்று அவர் அப்பா சொல்வாராம். 1991க்கு அப்புறம் முதல் தடவை அக்கரைக்குப் போன அன்று, சந்தைக் கடையில் இறைச்சியை விரலால் அழுத்திப் பார்த்தேன், கடைக்காரி திட்டினாள் என்று சிரிப்பார். விரு ஓட்டலின் 23ஆம் மாடியில் சோவியத் உளவுத்துறையான கேஜிபி ஒட்டுக்கேட்ட அறை இப்போது அருங்காட்சியகம். லிஃப்டில் 22 வரைதான் பொத்தான் இருந்தது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்யுங்கள்.

நெக்கார்கரை

எல்லோருக்கும் நன்றி. கணவரும் படித்தார். ஹெல்சிங்கியில் இறங்கி, அன்றைக்கே டாலின் போய் அங்கே தங்குகிறோம். கடைசி இரவு மட்டும் ஹெல்சிங்கி, விமானம் மறுநாள் மாலை என்பதால் 'ஓடி' நூலகம், தேசிய நூலகம் இரண்டும் முடியும், கணவருக்குச் சவுனாவும் கிடைக்கும். ஒரே கேள்வி: டாலினில் பழைய நகரத்துக்குள்ளேயே அறை எடுக்கவா, வெளியிலா?

ஒஸ்லோ அக்கா

சனிக்கிழமை இரவு உள்ளே தங்கினால் சத்தம் தாங்காது. கலியாணத்துக்கு முன்னால் கூத்தடிக்க வரும் இளைஞர் கூட்டம் விடியும்வரை தெருவில் நிற்கும். எங்கள் ஜன்னலுக்குக் கீழேயே நின்றார்கள்.

பழைய டாலின் மாணவன்

ரோட்டர்மன் பகுதியில் எடுங்கள். பழைய ஆலைகளைப் புதுக்கிய இடம், துறைமுகத்துக்கும் விரு வாசலுக்கும் நடுவில், தரையும் சமம். உள்ளேதான் வேண்டும் என்றால் பணம் கட்டுமுன் லிஃப்ட் இருக்கிறதா என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். பழைய கட்டடங்களில் சுழல்படி மட்டும் இருக்கும் ஓட்டல்கள் உண்டு.