வடிவமைப்புப் படிப்புக்கு லேப்டாப்: எதை முதலில் பார்ப்பது?

கேள்வி

இளங்கலை வடிவமைப்பில் சேரப்போகிறேன். இரண்டு லேப்டாப்களில் எதை எடுப்பது என்று தெரியவில்லை. ஒன்று கேமிங் லேப்டாப்: தனி கிராஃபிக்ஸ் கார்டு, 144 ஹெர்ட்ஸ் திரை, எடை 2.5 கிலோ. மற்றது 14 அங்குலம், 1.4 கிலோ, ஓஎல்இடி திரை, தனி கார்டு கிடையாது. இரண்டிலும் 16 ஜிபி ரேம். விலையும் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் எல்லாரும் முதலாவதைத்தான் சொல்கிறார்கள். நான்கு வருடமும் இதை வைத்தே ஓட்ட வேண்டும். நடுவில் இன்னொன்று கேட்க எனக்கு மனம் வராது.

பதில் 1

தம்பி, அந்த கேமிங் லேப்டாப்பின் விவரப் பட்டியலில் திரைக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘45% என்டிஎஸ்சி’ (திரை காட்டும் நிறப் பரப்பை அளக்கும் ஒரு பழைய அளவுகோல்) என்றிருந்தால் தயவுசெய்து வேண்டாம். திரைகளுக்கும் இணையத்துக்கும் பொதுவான நிறத் தொகுப்பான எஸ்ஆர்ஜிபியின் நிறங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும். 144 ஹெர்ட்ஸ் என்பது அசைவு சீராகத் தெரிவதற்கு. நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படிப்பட்ட திரையில்தான் நான் இரண்டு வருடம் வேலை செய்தேன். ஒரு புத்தக அட்டைக்காக வயதான பெண்மணி ஒருவரின் படத்தை எடுத்திருந்தேன். திரையில் அவர் முகம் சாம்பல் பூத்தாற்போல் தெரிந்தது. நிறச் செறிவைக் கொஞ்சம் கூட்டினேன். போதவில்லை, இன்னும் கூட்டினேன். கன்னத்தில் உயிர் வந்துவிட்டது என்று நம்பித்தான் கோப்பைச் சேமித்தேன். வகுப்பில் நல்ல திரையில் திறந்தபோது அவர் கடுங்காய்ச்சலில் கிடப்பவர்போல் இருந்தார். கன்னம் செங்கல் நிறம், உதட்டோரச் சுருக்கங்கள் செம்மையில் கரைந்துபோயிருந்தன. மதிப்பெண் போனதைவிட, என் கண்ணை நம்பலாமா என்ற சந்தேகம் வந்ததுதான் வாட்டியது. அடுத்த சில வாரங்கள் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையிலேயே செய்து கொடுத்தேன்.

ஆகவே 100% எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருக்கும் திரையை முதலில் உறுதிசெய்யுங்கள். அடுத்தது ரேம். இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன், ஃபோட்டோஷாப் மூன்றையும் திறந்து வைத்து வேலை செய்பவருக்கு 16 ஜிபிக்குக் கீழே இறங்கவே கூடாது. கார்டு அதற்கும் பின்னால்தான்.

பதில் 2

கார்டைக் கடைசியில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நான் தொழிற்பொருள் வடிவமைப்பு படித்தவன். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு நாற்காலியை ரெண்டருக்கு, அதாவது மாதிரியை முழுப் படமாக மாற்றும் வேலைக்குப் போட்டுவிட்டு, தனி கார்டு இல்லாத லேப்டாப்பின் முன் விடிய விடியக் காத்திருந்திருக்கிறேன். சாலிட்வொர்க்ஸ், 3டிஎஸ் மேக்ஸ் என்ற முப்பரிமாண மென்பொருள்கள் இரண்டும் விண்டோஸில் மட்டுமே ஓடும் என்பதையும் மறக்க வேண்டாம். எந்தெந்த மென்பொருள், எந்தப் பருவத்தில் என்று துறையிலேயே கேட்டு வாங்குங்கள்.

கார்டுதான் வேண்டும் என்றாலும் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். லேப்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4060 கார்டையே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை வெவ்வேறு அளவில் அமைக்கிறார்கள். பெயர் ஒன்று, வேகம் வேறு. சார்ஜரைப் பிடுங்கினால் அந்த வேகமும் இறங்கிவிடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. துறையில் கேட்டேன். முதல் இரண்டு வருடம் வரைதலும் எழுத்துருவியலும் பக்க வடிவமைப்பும். பிளெண்டர் மூன்றாம் வருடத்தில் ஒரே ஒரு பருவம்; அதற்குக் கல்லூரி ஆய்வகத்தில் கணினிகள் உண்டாம். கேமிங் லேப்டாப்பின் பட்டியலில், அக்கா சொன்னபடியே, 45% என்டிஎஸ்சி என்றுதான் போட்டிருக்கிறது. ஓஎல்இடி லேப்டாப்பில் ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டது, பிறகு கூட்ட முடியாது என்கிறார்கள்.

பதில் 2

ஒரு பருவம்தான் என்றால் ஆய்வகமே போதும். மாதிரியை உங்கள் லேப்டாப்பில் உருவாக்கி, ரெண்டரை மட்டும் அங்கே போடுங்கள்.

பதில் 1

அப்படியானால் ஓஎல்இடியே எடுங்கள். பின்னால் கூட்ட முடியாத ரேம் என்பதால், அதே மாடலில் 32 ஜிபி கிடைத்து, வீட்டில் சிரமமில்லை என்றால் அதை வாங்குங்கள். இல்லாவிட்டால் 16 போதும், சேமிப்பு வட்டில் இடத்தை மட்டும் காலியாக வைத்திருங்கள். ரேம் நிறைந்தால் ஃபோட்டோஷாப் அந்த வட்டில்தான் எழுதும்.

வாங்கும் முன் ஒளியை நன்றாகக் குறைத்து, சிறு எழுத்தைக் கொஞ்ச நேரம் படித்துப் பாருங்கள். குறைந்த ஒளியில் சில ஓஎல்இடி திரைகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுங்கும். சிலருக்குத் தலைவலி வரும்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். ஓஎல்இடி திரைகள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியைவிட அகன்ற நிறப் பரப்பு கொண்டவை. அப்படியே விட்டால் எல்லாம் கூடுதல் பளபளப்பாகத் தெரியும், நீங்கள் செறிவைக் குறைத்துக்கொண்டே போவீர்கள். என் தவறு தலைகீழாக நடக்கும். அமைப்பில் எஸ்ஆர்ஜிபி முறை இருக்கிறதா என்று கேட்டு, அதற்கு மாற்றச் சொல்லுங்கள். போகும்போது அம்மாவின் புகைப்படம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அந்தத் திரையில் படத்தைத் திறந்து, பக்கத்தில் நிற்கும் அவர் முகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.