அர்கா ரக்ஷக் தக்காளி: பூ நிக்கல, காய் அடி கருக்குது

மஞ்சக்குப்பம் மாடி:
கடலூர், மொட்டை மாடி. 12 செடி, எல்லாம் 15 இன்ச் பையில. பிப்ரவரி கடைசியில நட்டது. செடி இடுப்பளவு வந்தாச்சு, பூவும் கொத்துக் கொத்தா வருது. ஆனா காம்போட உதிருது. தப்பி நின்ன காய்லயும் அடியில கருப்பு வட்டம். இலை வேற மேல்பக்கம் சுருளுது. நோய் தாங்குற ரகம்னு சொன்னாங்களே? தண்ணி போர்தான், லேசா உப்பு.

லாஸ்பேட்டை தோட்டம்:
ரகத்து மேல தப்பில்லை. ரக்ஷக் தாங்குறது மூணு நோயைத்தான்: இலைச்சுருட்டை வைரஸ், பாக்டீரியா வாடல், முன் இலைக்கருகல். பூ உதிர்றது வெயிலால. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25க்குக் குறையலன்னா மகரந்தம் மலடாயிடும், பூ நிக்காது. நம்ம கடலோரத்துல சித்திரை, வைகாசி முழுக்க இதே கதைதான். மேற்கு வெயில் படுற பக்கம் மட்டும் பச்சை வலை கட்டுங்க. பையைச் சுத்தி ஈரச்சாக்கு போட்டா வேர் சூடு குறையும்.

சுருளுற இலையைக் கையில எடுத்துப் பாருங்க. அடி இலை தடிச்சு, பச்சை மாறாம, படகு மாதிரி மடிஞ்சிருந்தா அது சூடு, விட்டுடலாம். நுனிக்குருத்து சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கணு நெருங்கி இருந்தா வைரஸ். அந்தச் செடியை அன்னைக்கே பிடுங்கணும். தாங்குற ரகம்னாலும், வைரஸைப் பரப்புற வெள்ளை ஈ நாற்றுலயே கடிச்சிருந்தா நோய் வரலாம்.

நெல்லிக்குப்பம் விவசாயி:
அடி கருக்கறது நோயில்லைங்க, காய் நுனிக்குச் சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) போய்ச் சேரல. மண்ணுல சத்து இருந்தாலும் தண்ணி ஒருநாள் காய்ஞ்சு ஒருநாள் வழிஞ்சா ஏறாது. உப்புத் தண்ணியும் தடுக்கும். பை ஓரத்துல வெள்ளையா உப்பு பூத்திருக்கா பாருங்க. இருந்தா, நல்ல தண்ணியை, பை கொள்ளளவுல ரெண்டு மடங்கு, மெதுவா ஊத்தி அடியில வடிய விடுங்க.

அப்புறம் காலை, சாயந்திரம் ரெண்டு வேளை கொஞ்சங் கொஞ்சமா தண்ணி, மேல ரெண்டு இன்ச் காய்ஞ்ச சருகு மூடாக்கு. கால்சியம் நைட்ரேட் லிட்டருக்கு 3 கிராம், பத்து நாளைக்கொரு தடவை, சாயந்திரம் தெளிக்கலாம். எப்சம் உப்போட ஒரே வாளியில கலக்காதீங்க, கட்டியா படிஞ்சிடும். முட்டை ஓடு இப்போதைக்கு உதவாது, மக்கவே மாசக்கணக்காகும். கருத்த காயைக் கிள்ளிப் போட்டுடுங்க, அது தேறாது.

மஞ்சக்குப்பம் மாடி:
பை ஓரத்துல வெள்ளை இருக்கு. இலை நீங்க சொன்ன படகுதான். இந்தப் பழத்துலயே விதை எடுத்து வச்சுக்கலாமா?

லாஸ்பேட்டை தோட்டம்:
வேண்டாங்க. இது வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்), அடுத்த தலைமுறையில செடிக்குச் செடி மாறும், நோய் தாங்குறதும் உறுதியில்லை. புது விதையே வாங்குங்க. கார்த்திகை முதல் வாரம் குழித்தட்டுல, மழை படாம மூடி விதைச்சு, 25 நாள்ல நட்டா தை, மாசியில பூக்கும். ராத்திரி குளிர் அப்பதான் தக்காளிக்குத் தோதா இருக்கும்.