முகம் இருட்டு என்று சொல்லிவிட்டேன், பையன் வருவதை நிறுத்திவிட்டான். படத்துக்குக் கருத்து எப்படித்தான் சொல்வது?

ஞாயிறு நடை (கேள்வி)

தூத்துக்குடியில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஞாயிறு காலையில் கேமராவோடு கிளம்புவோம். பழைய துறைமுகம், பனிமய மாதா கோவில் தெரு, முயல் தீவு என்று வாரம் ஓரிடம். முடிந்ததும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். அந்த வாரம் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. கருத்துச் சொல்வது பெரும்பாலும் நான். 20 வருஷமாகப் படம் எடுக்கிறேன், வயதிலும் மூத்தவள், அதனால் அப்படி அமைந்துவிட்டது.

மூன்று வாரத்துக்கு முன் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி போனில் எடுத்த படத்தைக் காட்டினான். உப்பளம், உச்சி வெயில். வரப்பில் தலையில் துண்டு கட்டிய ஓர் அம்மா நிற்கிறார். முகம் கறுப்பாக விழுந்திருக்கிறது. பின்னால் உப்புக் குவியல், அதுவும் வெள்ளையாக இல்லை, சாம்பல் பூத்த மாதிரி இருக்கிறது. அரை நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். "அடிவானம் சாய்ஞ்சிருக்கு. முகம் இருட்டு. உப்பளத்துக்கு யாராவது பன்னிரண்டு மணிக்குப் போவாங்களா? காலைல ஆறரைக்குப் போயிருக்கணும்" என்றேன். பதினோரு பேர் முன்னால்.

"சரிக்கா" என்று போனை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அவனோடு படிக்கும் பெண்தான் அப்புறம் சொன்னாள், படத்தில் இருந்தது அவன் அம்மா என்று.

இரண்டு நாளாகத் தூக்கமில்லை. நான் சொன்ன மூன்றும் படத்தில் இருக்கிற குறைகள்தான். அதற்காக எல்லாப் படத்துக்கும் "அருமை, சூப்பர்" என்று சொல்லிக்கொண்டிருக்கவும் மனம் வரவில்லை. அப்படிச் சொல்லியே ஒருவரை வளரவிடாமல் வைத்திருப்பதும் தப்பு என்று நினைக்கிறேன். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்கள்? உண்மையாகக் கேட்கிறேன்.

நொய்யல் கரை

அக்கா, எங்கள் குழுவில் ஒரே ஒரு வழக்கம். எடுத்தவர் முதலில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்: "இதில் நான் காட்ட நினைத்தது என்ன?" அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் வாய் திறப்போம். நல்லதைச் சொல்லி, நடுவில் குறையைச் செருகி, மறுபடி நல்லதைச் சொல்லும் முறையையும் முயன்று பார்த்தோம். இரண்டே வாரத்தில் எல்லாரும் நடுவில் வருவதற்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார்கள். விட்டுவிட்டோம்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் வந்த படத்தை வைத்துக் கருத்துச் சொல்லாதீர்கள். சுருங்கி, விவரமெல்லாம் போய்த்தான் வந்திருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். வெயிலில் நின்று போன் திரையைப் பார்த்தும் வெளிச்சத்தை எடை போட வேண்டாம்.

சிவப்பு விளக்கு

தங்கச்சி, நான் மதுரையில் ஒரு ஸ்டுடியோவில் 1983 முதல் இருட்டறை வேலை பார்த்தவன். அங்கே கற்றதைச் சொல்கிறேன்.

எங்கள் முதலாளி அதிகம் பேச மாட்டார். பிரிண்ட் காய்ந்ததும் மேஜையில் கொண்டுபோய் வைப்பேன். இழுப்பறையிலிருந்து இரண்டு கறுப்பு அட்டைகளை எடுப்பார். 'ட' எழுத்து மாதிரி வெட்டியவை. இரண்டையும் எதிரெதிர் மூலையில் படத்தின் மேல் வைத்தால் ஒரு சட்டம் வந்துவிடும். மெல்ல நகர்த்துவார். ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்ற சைக்கிள் மறையும். கல்யாணப் பெண்ணின் கொண்டைக்கு மேலே முளைத்திருந்த ட்யூப்லைட் மறையும். ஓரிடத்தில் நிறுத்தி "இப்பப் பாரு" என்பார். அவ்வளவுதான். சில நாள் அட்டையை என் கையில் கொடுத்து "நீ வை" என்பார். நான் வைத்த இடம் அவருக்குப் பிடிக்காவிட்டாலும் அதை எடுக்க மாட்டார், "ஏன் அங்க வச்சே?" என்று கேட்பார். நான் சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்கு விளங்கிவிடும். இன்றைக்கும் என் பேத்தி படம் காட்டினால் அட்டையைத்தான் எடுக்கிறேன். போனில் கிராப் செய்து காட்டினால் அவள் படத்தில் நான் கை வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

உங்கள் தம்பி படத்துக்கு வருகிறேன். முகம் இருட்டு என்பது அவனுக்கே தெரியும், கண் இருக்கிறதே. ஏன் இருட்டு என்பதுதான் தெரியாது. அதைக் கேட்கத்தான் உங்களிடம் வந்திருப்பான். கேமராவுக்கு உப்பு என்று ஒன்று தெரியாது. எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பாத்தி முழுக்க வெள்ளை என்றால் "வெளிச்சம் அதிகம்" என்று எண்ணி எல்லாவற்றையும் இறக்கிவிடும். உப்பு சாம்பலானதும் முகம் கறுத்ததும் ஒரே தவறு. போனில் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வருகிற சூரியக் குறியை மேலே இழுக்கச் சொல்லுங்கள். கேமரா என்றால் ஒன்று, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு) கூட்டினால் உப்பு உப்பாகத் தெரியும். உப்பளத்தில் இன்னொரு வசதியும் உண்டு. உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே குழி விழும் அல்லவா, வெயில் படுகிற குவியல் பக்கம் முகம் திரும்பியிருந்தால் அந்த வெள்ளையே கீழிருந்து ஒளியைத் திருப்பி அடித்து அந்தக் குழியை நிரப்பும். கல்யாண மண்டபத்தில் நாங்கள் தெர்மோகோல் அட்டை பிடித்தோமே, அதே வேலை.

அடிவானம் சாய்ந்ததை அன்றைக்குச் சொல்லியே இருக்க வேண்டாம். பத்து விநாடியில் யாரும் நேராக்கிக்கொள்ளலாம். அதை முதலில் சொன்னதால் மற்றது எதுவும் அவன் காதில் ஏறியிருக்காது. ஒரு நாளைக்கு ஒரு படத்துக்கு ஒரே ஒரு விஷயம் போதும்.

"ஏன் பன்னிரண்டு மணிக்கு எடுத்தே?" என்று கேட்டிருக்கலாம். அதட்டலாக இல்லை, தெரிந்துகொள்ள. 1858-ல் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயப் படக்காரர் எங்கள் மீனாட்சியம்மன் கோவிலையும் தஞ்சைப் பெரிய கோவிலையும் படம் எடுத்தார். அந்தக் கால நெகட்டிவ் நீல ஒளியை மட்டுமே நன்றாக வாங்கும், அதனால் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். ட்ரைப் சில நெகட்டிவ்களில் தூரிகை பிடித்து மேகத்தை வரைந்து சேர்த்தார். இது தெரியாமல் அந்தப் படங்களைப் பார்த்தால் "வானம் வெளுத்திருக்கு" என்று ஒரு வரியில் முடித்துவிடுவோம். எடுத்தவனுக்குக் கைவசம் என்ன இருந்தது, எது இல்லை என்று தெரிந்துகொண்டு பேசினால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

உப்புக்காற்று

வேதாரண்யத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்தான். ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். காலை ஆறரை மணி மஞ்சள் வெயிலில் எடுத்த உப்பளப் படம் நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் அழகாக இருக்கும். எங்கள் அம்மா மாலையில் வீட்டுக்கு வந்து கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுப்பது அந்தப் படங்களில் இருக்காது. அந்தத் தம்பி எடுத்த நேரம் தப்பான நேரம் என்று எனக்குத் தோன்றவில்லை.

படத்தை அவன் அம்மா பார்த்தாரா? நான் எடுத்த படத்தை முதலில் படத்தில் இருப்பவரிடம்தான் காட்டுவேன். அவர் சொல்வதை வேறு யாராலும் சொல்ல முடியாது.

ஞாயிறு நடை

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று போன் செய்துவிட்டு அவன் வீட்டுக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா" என்றான், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்புறம், "அந்தப் படத்துல நீ என்னத்தப் பார்த்து எடுத்தே?" என்று கேட்டேன்.

"அம்மாவுக்குச் சோறு கொண்டு போனேன்கா. தூரத்துல வர்றது நான்தானான்னு கையை நெத்தியில வச்சுப் பார்த்தாங்க. அதான் எடுத்தேன்."

படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தேன். ஆமாம், வலது கை நெற்றியில் இருக்கிறது. மேலே நான் எழுதிய கேள்வியைப் படித்துப் பாருங்கள், கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பார்க்கவே இல்லை. முகம் அவ்வளவு கறுத்ததற்கு அந்த உள்ளங்கையின் நிழலும் ஒரு காரணம். அவனுடைய ஒரு கையில் தூக்குச்சட்டி இருந்திருக்கிறது, மறுகையால் போனைப் பிடித்து எடுத்திருக்கிறான். அடிவானம் சாய்ந்தது அதனால்தான்.

சிவப்பு விளக்கு அண்ணன் சொன்னதை அப்படியே சொன்னேன், கேமராவுக்கு உப்பு தெரியாது என்பதை. போனில் இருந்த மூலப் படத்தில் நிழலை மட்டும் அவனே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகச் சொரசொரத்தது, ஆனாலும் நிழலுக்குள்ளிருந்து இரண்டு கண்ணும் வந்தன. சுருக்கிய கண். வாய் ஓரத்தில் லேசான சிரிப்பு, மகன்தான் என்று தெரிந்துவிட்ட சிரிப்பு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அட்டை வெட்டிக்கொண்டு போயிருந்தேன். வலது ஓரத்தில் நின்ற லாரியை அவனே மறைத்தான். சாய்வை அப்படியே விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "அன்னைக்கு அப்படித்தாங்க்கா நின்னேன்" என்றான்.

அவன் அம்மாவிடம் படத்தை இன்னும் காட்டவில்லையாம். பிரிண்ட் போட்டுக் கொடுக்கப்போகிறான். அவர் என்ன சொன்னார் என்று பிறகு எழுதுகிறேன்.

இந்த ஞாயிறு உப்பளம். அவன்தான் கூட்டிப் போகிறான். கிளம்புவது பதினொன்றரை மணிக்கு.