கைமாறிய பிராண்டின் மடக்குக் கத்தி: கூர் நிற்கவில்லை

ஒரே மாடலில் என்னிடம் இரண்டு மடக்குக் கத்திகள் இருக்கின்றன. ஸ்டாக்மேன் வகை, அதாவது ஒரே பிடியில் மூன்று அலகுகள் (வெட்டும் தகடுகள்) மடங்குவது. அப்பாவுடையது பிராண்ட் பழைய உரிமையாளர்களிடம் இருந்தபோது வாங்கியது. என்னுடையது கைமாறிய பிறகு, எட்டு மாதம் முன்பு. இரண்டுமே 1095 கார்பன் ஸ்டீல்தான், முத்திரையும் அதே.

புதியதில் கூர் நிற்பதே இல்லை. நாலு அட்டைப்பெட்டி அறுத்தால் வாய் மடங்கிவிடுகிறது. உடைவதில்லை, மடங்குகிறது. பெரிய அலகு பக்கவாட்டில் ஆடுகிறது. மூடும்போது அந்த 'டக்' சத்தமும் இல்லை (அப்பாவின் கத்தியை அதற்காகவே சும்மா திறந்து மூடுவேன்).

1000 கிரிட் தீட்டுக்கல்லில் பக்கத்துக்கு 20 டிகிரி வைத்துத் தீட்டினேன். தொழிற்சாலைச் சாணையில் வாய் சூடேறி இளகியிருக்குமோ என்று, ஐந்தாறு முறை தீட்டி அந்தப் பகுதியையே தேய்த்து எடுத்தேன். பலனில்லை. அப்புறம் அலகைப் பிடித்திருக்கும் ஆணியை லேசாகத் தட்டியதில் ஆட்டம் மட்டும் கொஞ்சம் குறைந்தது. கம்பெனிக்கு எழுதினால், ஸ்டீல் மாறவில்லை என்று ஒரு வரி பதில். சரி, ஸ்டீல் மாறாமல் இருக்கலாம். அதைச் சூடாக்கிக் குளிர்விக்கும் தோய்ச்சல் மாறியிருக்கலாமே? 2004இல் அமெரிக்கக் கத்திக் கம்பெனியான ஷ்ரேட்டின் ஆலை மூடியபோதும், பெயரை வாங்கியவர்கள் தயாரிப்பைச் சீனாவுக்குத்தான் கொண்டுபோனார்கள். பெயர் ஒன்று, பட்டறை வேறு.

1095 கத்திகளுக்கு வழக்கமான 56–58 ராக்வெல் (ஸ்டீலின் கடினத்தை அளக்கும் அளவுகோல்) கடினம் இந்த அலகில் இருக்கிறதா என்று, கத்தியைக் கெடுக்காமல் வீட்டிலேயே சோதிக்க நம்பகமான வழி எது?