8 லட்சம் வருமானம் வந்தால் ‘நலிந்தவரா’?

தென்பொதிகை: “ஈடபிள்யூஎஸ் (பொதுப்பிரிவில் பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான இடஒதுக்கீடு) விதி, ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) ஒதுக்கீட்டில் வசதியானவர்களை விலக்கும் க்ரீமி லேயர் விதியைவிடக் கறார், அதனால் ‘நலிந்த பிரிவினர்’ என்ற பெயர் மிகச் சரி” என்று கணக்குப்பிள்ளை நேற்று எழுதியிருந்தார். இரண்டுக்கும் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம். மாதம் 66,000 ரூபாய் வருகிற வீடு நலிந்த வீடா? ஈடபிள்யூஎஸ்ஸைக் கொண்டுவந்த 103-வது அரசியல் சட்டத் திருத்தம் வந்த 2019-இலேயே வருமான வரித் தள்ளுபடி 5 லட்சத்தோடு முடிந்தது. அன்று வரி கட்டியவர் நலிந்தவர் ஆனது எப்படி?

கணக்குப்பிள்ளை: அந்த 8 லட்சக் கணக்கில் சம்பளம் சேருமா, சேராதா? அதைச் சொல்லுங்கள். தாய், தந்தை இருவரும் அரசில் குரூப் சி (கீழ்நிலைப் பணி), சம்பளம் மட்டும் 14 லட்சம், வேறு வருமானம் இல்லை. ஓபிசி பிள்ளை க்ரீமி லேயரில் வராது. பொதுப்பிரிவுப் பிள்ளைக்கு ஈடபிள்யூஎஸ் கிடையாது. ஈடபிள்யூஎஸ் கணக்கில் சம்பளம், விவசாயம், வியாபாரம் எல்லாம் சேரும்.

தென்பொதிகை: பாதியை விழுங்கிவிட்டீர்கள். க்ரீமி லேயருக்கான 1993 மத்திய அரசு ஆணையில் பதவிக்கே தனிச் சோதனை உண்டு. தந்தை நேரடியாக குரூப் ஏ (உயர்நிலை) பணியில் சேர்ந்தவர் என்றால் வருமானமே பார்க்காமல் பிள்ளை ஓபிசி ஒதுக்கீட்டுக்கு வெளியே. அதனால்தான் சம்பளத்தை வருமானத்தில் சேர்ப்பதில்லை.

கணக்குப்பிள்ளை: ஆக, சேராது. அதைத்தானே நானும் சொன்னேன்! இன்னொன்று: ஓபிசிக்குத் தொடர்ந்து 3 ஆண்டும் வரம்பைத் தாண்டினால்தான் வெளியே. ஈடபிள்யூஎஸ்ஸுக்கு விண்ணப்பத்துக்கு முந்தைய ஒரே நிதியாண்டு.

வரப்போரம்: நிலத்தை யாருமே பேசவில்லை. 5 ஏக்கர் இருந்தால் ஈடபிள்யூஎஸ் இல்லை. அதில் நஞ்சை, புஞ்சை பேதமே கிடையாது. ராமநாதபுரத்து வானம் பார்த்த பூமியும் தஞ்சாவூர் வாய்க்கால் பாசனமும் ஒன்றா?

கணக்குப்பிள்ளை: 1,000 சதுர அடி ஃபிளாட் இருந்தாலும் இல்லை. நகராட்சிப் பகுதியில் 100 சதுர கஜம் மனை இருந்தாலும் இல்லை. இத்தனை வடிகட்டி க்ரீமி லேயரில் உண்டா?

வரப்போரம்: நான் நிலத்தைக் கேட்டால் ஃபிளாட்டைக் காட்டுகிறீர்கள். போன மாதம் தமிழகத்தின் 69 சதவீத இடஒதுக்கீடு பற்றிய விவாதத்திலும் இப்படித்தான் நழுவினீர்கள்.

கணக்குப்பிள்ளை: நழுவியது யார் என்று அங்கே போய்ப் படியுங்கள்.

தென்பொதிகை: நலிவு என்றால் வறுமைதானே? பிறகு பட்டியலினத்து ஏழையை ஈடபிள்யூஎஸ்ஸுக்கு வெளியே நிறுத்தியது எதற்கு? 2022 நவம்பர் 7 உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் நீதிபதிகள் யு.யு.லலித்தும் ரவீந்திர பட்டும் மாறுபட்டது இந்த இடத்தில்தான்.

கணக்குப்பிள்ளை: 3-க்கு 2 என்று திருத்தம் செல்லும் எனத் தீர்ப்பு வந்தாயிற்று. சம்பளம் சேருமா, சேராதா?

மனுநீதி: நடுவில் ஒன்று. தமிழக பிசி (பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழை மத்திய அரசு விண்ணப்பத்தில் ஏற்ற வேண்டாம். மாநிலத்தில் பிசிக்கு க்ரீமி லேயர் இல்லை, அந்தச் சான்றில் அது பற்றி ஒரு வரியும் இருக்காது. மத்தியப் படிவத்தில் ஓபிசி சான்று தனியாக வாங்க வேண்டும். ஈடபிள்யூஎஸ் சான்றில் நிதியாண்டு மாறியிருந்தால் அதுவும் தள்ளுபடி.

தென்பொதிகை: நன்றி மனுநீதி. கணக்குப்பிள்ளை, 66,000-க்கு இன்னும் பதில் வரவில்லை.

கணக்குப்பிள்ளை: 14 லட்சத்துக்கு முதலில் நீங்கள் சொல்லுங்கள்.